மொட்டைச் சேவலின் வால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பேச்சு வரக் கூடாது. நான் நாலாம் வகுப்பு தாண்டாத ஆள். வாடகைத் தறியில் ஆரம்பித்து, இன்றைக்குச் சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணி நெய்யும் கூடம் வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருந்தால், அது என் கூடத்துத் துணியாகவும் இருக்கலாம். தண்ணீரே கிடையாது என்று படித்த ஆள் கருவி வைத்துப் பார்த்துச் சொன்ன இடத்தில் கிணறு வெட்டினேன். இன்னும் வற்றவில்லை. பேங்கில் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்த காலமும் உண்டு, அதே பேங்கில் எழுந்து வந்து உள்ளே கூப்பிட்டுப் போன காலமும் உண்டு. இரண்டு மகன்களையும் கிருஷ்ணன்கோவில் காலேஜுக்கு அனுப்பி இன்ஜினியர் ஆக்கினேன். மூன்று மாடி வீடு கட்டினேன், லிப்ட் வைத்து. எங்கள் தெருவில் லிப்ட் வைத்த முதல் வீடு அது. நான் வாங்கிக் கொடுத்த ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை விட என் பெயர்தான் பெரிதாகத் தெரிகிறது என்று கோவிலில் கேலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசட்டும். லைட் எரிகிறதா இல்லையா?

இதையெல்லாம் சொல்வது ஏனென்றால், இவன் பெயருக்கு அலைகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பெயர் எனக்கு வேண்டிய மட்டும் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில்தான் இல்லை. நம் வட்டாரத்தில் கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்க்கிற இளவட்டங்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் அச்சடித்துப் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் நினைவில் இருப்பதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அதற்குத்தான் இது. என் வயசுக்காரர்கள் கொஞ்சப் பேர் இன்னும் மிச்சம் இருக்கிறீர்கள். படித்துப் பாருங்கள். நான் சொல்வதில் பொய் இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள். வீட்டில்தான் இருக்கிறேன். எப்போதும் இருக்கிறேன்.

இந்தச் சேவல்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது சண்டைக்கு வளர்க்கிற ஜாதி இல்லை. பார்வைக்கு. கிளிக்கு வளைந்த மாதிரி மூக்கு வளைந்திருக்க வேண்டும். கண் முத்து வெள்ளையில் இருக்க வேண்டும். வால் நீண்டு, நுனியில் விசிறி மாதிரி விரிந்து தரையைத் தொட வேண்டும். அம்புட்டுத்தான் விஷயம். ஆனால் அந்த மூன்றும் ஒரே சேவலில் வந்து சேர்வதற்குள் வளர்க்கிறவனுக்கு நரை விழுந்துவிடும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது நாங்கள் ஒரே குடும்பம், இரண்டு இடத்தில் இருந்தோம். அம்மாவுக்கு ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும் என்பதால் தங்கச்சியை வைத்துக்கொண்டு ஊருக்குள் மாமா வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கு மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பில் காவல். தோப்பு, பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஜின்னிங் மில் முதலாளிக்குச் சொந்தம். அப்பா அதே முதலாளியின் வயலுக்கும் போய் ஆயில் இன்ஜின் ஓட்டித் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அந்த நேரத்தில் தோப்பில் அணிலும் குரங்கும் விரட்ட ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனார். தங்கச்சி அம்மாவோடு. நான் அப்பாவோடு. பாகம் பிரித்த மாதிரி.

காலையில் அப்பா போய்விட்டால் பேச ஆள் கிடையாது. தூரத்தில் இன்ஜின் சத்தம் மட்டும் டுக் டுக் என்று கேட்கும். அது நின்றுவிட்டால் அப்பா மடை மாற்றுகிறார் என்று அர்த்தம். மறுபடி ஓடும் வரைக்கும் அந்தப் பக்கமே காது வைத்து நிற்பேன். சாயந்தரம் அப்பா வந்து ஏதாவது கேட்டால் என் தொண்டையிலிருந்து கரகரவென்று யாரோ ஒரு கிழவன் குரல் வரும். அன்றைக்கு அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறக்கிறேன் என்பதால். மாங்காய்ப் பால் பட்டு என் உதட்டோரம் எப்போதும் புண்ணாக இருக்கும். சப்பட்டை மாங்காயைப் பிஞ்சிலேயே கடித்துத் தின்பேன், பசிக்கு இல்லை, வேறு வேலை இல்லாததால்.

அந்த மாதிரி ஒரு நாளில் முதலாளி வீட்டு டிரைவர் மூடிய கூடை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே ஒரு பெட்டைக் கோழி, அடை உட்காரும் பருவத்தில். கூடவே உமியில் புதைத்த முட்டைகள்.

முதலாளி வீட்டில் கிளிமூக்குச் சேவல் வளர்ப்பது அவருடைய அப்பா காலத்திலிருந்தே பேர் போனது. ஆனால் எல்லாக் கோழியையும் ஒரே இடத்தில் வைத்திருந்தால், வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் மொத்தமாக அழிந்துவிடும். அதனால் தோப்பிலும் களத்திலும் இருக்கிற ஆட்களிடம் பிரித்து வாரத்துக்கு விடுவார்கள். வாரம் என்றால் உங்களுக்குத் தெரியும். கோழி கொடுத்தவருக்குப் பாதிக் குஞ்சு, வளர்த்தவனுக்குப் பாதிக் குஞ்சு. குஞ்சுகள் மூன்று மாசம் ஆனதும் முதலாளி வருவார். முதல் கை அவருக்கு, அடுத்த கை வளர்த்தவனுக்கு, இப்படி மாற்றி மாற்றிப் பொறுக்க வேண்டும். ஒரு கண்டிஷன் உண்டு. வளர்த்தவன் தன் பங்கைத் தின்னலாம், அல்லது முட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். உயிரோடு அடுத்தவனுக்குக் கொடுக்கக் கூடாது. வழி வெளியே போகக் கூடாது. வழி என்றால் வம்சம்.

பொறுக்குகிற நாள் வந்தது. முதலாளி காரை விட்டு இறங்கி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு மூங்கில் குச்சியோடு நின்றார். நான் கம்புத் தானியத்தை இறைத்தேன். குஞ்சுகள் ஓடி வந்து கொத்தின. அவர் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, டிரைவர் பிடித்துக் கூடையில் போட்டார். அப்பா தன் கைக்கு வந்தபோதெல்லாம் பெட்டையாகப் பார்த்து எடுத்தார், முட்டைக்கு ஆகும் என்று. எல்லாம் முடிந்து ஒன்று மிஞ்சியது. சேவல் குஞ்சு. மற்றதெல்லாம் வால் முளைத்து, இறக்கை விரித்து நடக்கும்போது, இதற்கு முதுகெலும்பு தெரிகிற மாதிரி வெறும் சிவப்புத் தோல். வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பரு மாதிரி.

டிரைவர் சிரித்தார். "அண்ணே, இதுக்கு ஒரு சட்டை தைச்சுப் போட்டு விடுங்க. பனியில வெறச்சுரும்."

முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்களோடு பேசும்போது தமிழில் அதுவும் கொஞ்சம் கலந்து வரும். அவர் குச்சியால் அந்தக் குஞ்சின் முதுகைத் தடவினார். "மூணு மாசத்துல வால் மொளைக்காதது பொறவு எங்கரா மொளைக்கும்? கொழம்புல போடு" என்றார் அப்பாவிடம். கார் போய்விட்டது.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இப்போதைய பையன்களுக்குத் தெரிந்த விஷயம் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எந்த வழியில் வால் மிக நீளமாக வருமோ, அந்த வழியில் சேவல் குஞ்சு பெரும்பாலும் தாமதமாகத்தான் இறகு போடும். மொட்டையாகத் திரியும். முதலாளியும் அவர் அப்பாவும் வருஷா வருஷம் மூன்று மாசத்தில் வந்து, வால் முளைத்ததாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் வழியில் வால் குட்டையாகிக்கொண்டே போனது. அதற்குப் பெட்டையைக் குறை சொன்னார்கள், தீவனத்தைக் குறை சொன்னார்கள், வாரத்துக்கு வளர்க்கிற எங்களைப் போன்ற ஆட்களைக் குறை சொன்னார்கள். நல்ல வாலையெல்லாம் தங்கள் குச்சியாலேயே தொட்டுத் தள்ளிக் குழம்புக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

இதுவும் குழம்புக்குப் போக வேண்டியதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் வந்து பாதித் தூரம் நடந்து, தோப்புக்கு வந்தாள். அப்பா அரிவாளைத் தீட்டினார். அம்மா குஞ்சைக் கையில் தூக்கி மார்பெலும்பை அமுக்கிப் பார்த்தாள்.

"இதையா அறுக்கப் போறிய? வெறும் தோலும் எலும்புமாக் கெடக்கு. இதுல எம்புட்டுக் கறி தேறும்?"

"மசாலா வாசனைக்காவது ஆகும்லா" என்றார் அப்பா.

"வாசனைக்கு ஒரு உசிரா? கொஞ்சம் சதை போடட்டும். அடுத்த மாசம் வாரேன், அப்பப் பாப்போம்."

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்புதான். பாவப்பட்டு அதை யாரும் விடவில்லை. நானும் கெஞ்சவில்லை. கறி தேறாது என்பதால் பிழைத்தது. சாயந்தரம் அம்மா கிளம்பியபோது வரப்பு முடிகிற வரைக்கும் கூடப் போனேன். "போதும், திரும்பிப் போ, இருட்டிரும்" என்றாள். தங்கச்சி அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். கை ஆட்டக்கூடத் தெரியாத வயசு அவளுக்கு.

திரும்பி வந்தபோது மற்றக் கோழிகள் அந்த மொட்டையைச் சுற்றி நின்று முதுகில் கொத்திக்கொண்டிருந்தன. இறகு இல்லாத தோலில் ரத்தம் தெரிந்தால் கோழிகள் விடாது. நான் அதைத் தூக்கி, மஞ்சளும் சாம்பலும் குழைத்துப் பூசி, மாங்காய்க் கூடை ஒன்றைக் கவிழ்த்து உள்ளே வைத்தேன். அன்றிலிருந்து அது தனி, நானும் தனி.

எப்படி வளர்த்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இதுதான் விஷயம். பழைய மண்பானையில் சாணியும் ஓலையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் புற்று ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டால், மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதைத் தட்டிக் கொடுப்பேன். இன்ஜின் தொட்டியில் கழுவிய கீரை. அப்பா எனக்கு வைத்துவிட்டுப் போகும் கம்மஞ்சோற்றில் பாதி. மூக்கு வளைய வளைய அதற்குத் தரையில் கொத்த முடியவில்லை. தானியத்துக்குப் பக்கத்தில் மூக்கு நுனி இடித்து வழுக்கும். என்ன சீக்கோ என்று பயந்துபோனேன். பிறகு ஒரு சிரட்டையில் குவித்து வைத்துப் பார்த்தேன், அள்ளித் தின்றது. அதற்குப் பிறகு சிரட்டை இல்லாமல் சாப்பிடாது. நான் சிரட்டையைத் தட்டினால் தோப்பின் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வரும். அந்தச் சிரட்டை நடுவில் ஒரு பக்கம் உடைந்து, நான் அரம் வைத்து ராவி வழுவழுப்பாக்கியது. இப்போது அது எங்கே இருக்கும்? எங்காவது மண்ணில்.

மழைக்காலம் முடிந்தபோது அதன் முதுகில் கறுப்பு முனைகள் எட்டிப் பார்த்தன. முள் குத்தின மாதிரி. நான் தினமும் விரலை வைத்துப் பார்ப்பேன். பிறகு கழுத்தில் காய்ச்சின செம்பு நிறத்தில் நீள இறகு சாமரம் மாதிரி இறங்கியது. அப்புறம் வால். வால் வந்த விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வருவதை நிறுத்தவே இல்லை. கறுப்பில் பச்சை மினுங்கி, ஒவ்வோர் இறகும் என் முழங்கை நீளத்தைத் தாண்டிப் போனது. அது தரையில் இழுபட்டு நுனி தேய ஆரம்பித்தது. மரத்தில் ஏறி உட்கார்ந்தாலும் கிளைகளுக்கு நடுவில் சிக்கி ஒடியப் பார்த்தது. அதனால் ஒரு பஞ்சவர்ண மாமரத்தில், கீழே எதுவும் இல்லாத ஒரு கிளையாகப் பார்த்து, சுற்றியிருந்த சிறு கொப்புகளை வெட்டிவிட்டு, வால் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இடம் செய்தேன். மரநாய் ஏறாமல் இருக்க அடிமரத்தில் முள் கட்டினேன். கீழே ஓடை மணல் சுமந்து வந்து கொட்டினேன். சாயந்தரம் மலைக்காற்று இறங்கும்போது அந்த வால் மட்டும் அசையும். பார்க்க என்னைத் தவிர யாரும் கிடையாது. அப்பா இன்ஜின் புகை வாசனையோடு வருவார், சாப்பிடுவார், சாய்ந்துவிடுவார். அம்மா வருகிற ஞாயிற்றுக்கிழமைகளும் குறைந்துபோயின. ஓவர்டைம் என்றார்கள்.

அதனோடு பேசுவேன். என்ன பேசினேன் என்பது ஞாபகம் இல்லை. அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கண் முத்து மாதிரி வெள்ளை.

அடுத்த மாங்காய்க் காலம் வந்தது. குத்தகைக்காரரோடு பேசி முடிக்க முதலாளி தோப்புக்கு வந்தார். பேச்சு நடுவில் அண்ணாந்து பார்த்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். சேவல் கிளையில் உட்கார்ந்திருந்தது.

"ஏமிரா, எவன் வீட்டுச் சேவல் இது?"

அப்பா தோள் துண்டை இடுப்புக்கு இறக்கினார். "நம்ம வழிதான் மொதலாளி. அந்த மொட்டை."

"மொட்டையா? என்கிட்ட வெளையாடுதியா?"

"சத்தியமா மொதலாளி. பையன்தான் வளத்தான்."

இந்த வார்த்தையை நன்றாகக் கவனியுங்கள். பையன்தான் வளத்தான். அப்பா சொன்னார், முதலாளி கேட்டார், டிரைவர் கேட்டார், குத்தகைக்காரர் கேட்டார். நான் சிரட்டையைத் தட்டினேன். சேவல் இறங்கி வந்து என் காலடியில் நின்றது. முதலாளி அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். குனிந்து பார்த்தார். "பாகுந்தி" என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று தடவை சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. சேவலுக்காக ஒரு பெரிய மனிதர் கலங்கியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இது எங்க பங்கு" என்றேன் நான்.

டிரைவர் கை தட்டினார். "பாருங்கய்யா, மொதலாளிக்குப் பங்காளி ஒருத்தன் கெளம்பிட்டான்! ஏலே, மில்லுலயும் பாதி கேப்பியோ?"

"சும்மா கெடலே" என்று அப்பா என் பிடரியில் ஒன்று போட்டார். பிறகு முதலாளியைப் பார்த்து, "நீங்க எடுத்துக்கோங்க மொதலாளி. உங்க வீட்டுல இருக்க வேண்டியது. பையனை மட்டும் ஜின்னிங்ல சேத்துக்கிட்டா போதும். தோப்புல கெடந்து பேச்சு மறந்து போறான்."

"அனுப்பு" என்றார் முதலாளி.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதுதான் ஒன்று தெரிகிறது. முதலாளி கேட்கவே இல்லை. கொடு என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வாரத்தில் பிரித்த பங்கு எங்களுடையது என்று அவருக்குத் தெரியும். ஒருவேளை, ஊர் முறைப்படி, குஞ்சு எடுக்கக் கொஞ்ச நாளைக்கு மட்டும் சேவலைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார். அப்பாதான் முந்திக்கொண்டார். ஒரு பெரிய மனிதர் ஒரு பொருளைப் பார்த்துவிட்டால் அது அவருடையது என்று அப்பாவுக்கு எண்ணம். நல்ல மனிதர்தான். என்னை ஆளாக்க நினைத்தார். பேச்சு மறந்து போகிறான் என்று அவர் கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் பேச்சு மறக்காமல் இருந்ததற்கு அந்தச் சேவல்தான் காரணம் என்பது அவருக்குத் தெரியாது.

சேவல் டிரைவரைக் கொத்தியது. அதனால் நானே தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தேன். என் முதல் கார் பயணம் அது. மடியில் சேவல், ஜன்னல் வழியாக வெளியே வால்.

ஜின்னிங்கில் பஞ்சு கூட்டினேன். மூக்கிலும் காதிலும் பஞ்சு. இரவு இருமினால் பஞ்சு வரும். முதலாளி வீடு அதே காம்பவுண்டில். சேவலுக்கு வாசல் பக்கம் இரும்புக் கூண்டு செய்து, சிமென்ட் தரையில் வைத்திருந்தார்கள். காலையில் அது கூவும். மெஷின் ஓடுகிற வரைக்கும் கேட்கும். கூண்டுக்குள் அது உட்காருகிற கட்டை தாழ்வாக இருந்தது, வால் கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. டிரைவரிடம் போய்ச் சொன்னேன், கட்டையை மேலே ஏற்றச் சொல்லுங்கள், அடியில் மணல் போடச் சொல்லுங்கள், சிரட்டையில் வையுங்கள் என்று.

"நீ மொதலாளிக்குப் புத்தி சொல்ல வந்தியோ? போய்ப் பஞ்சைக் கூட்டு."

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கட்டை உயர ஏறியிருந்தது. மணல் கிடந்தது. சிரட்டை, வெள்ளியில் இல்லை, ஆனால் புதுச் சிரட்டை. யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் முடிந்த மறுநாள், மடவார் வளாகம் பக்கத்தில் ஒரு களத்தில் சேவல் வைத்திருக்கிற பெரிய வீட்டுக்காரர்கள் கூடினார்கள். இப்போது மாதிரி கூண்டு, நம்பர், கேடயம் எதுவும் கிடையாது. வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து, அதன் மேல் சேவலை நிறுத்தி, பெரியவர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த வயசாளி ஒருவர் சொல்வதுதான் முடிவு. எங்கள் சேவல் டிரைவர் கையில் நிற்கவில்லை, முதலாளி கையில் நிற்கவில்லை. கடைசியில் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நான் வேட்டி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, சிரட்டையை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அது தலை நிமிர்த்து நின்றது. வால் வேட்டியைத் தாண்டிப் போனது.

வயசாளி பின்பக்கம் போய்க் குனிந்து வெகுநேரம் பார்த்தார். வாலை உள்ளங்கையில் ஏந்தி, விட்டார். எழுந்து கேட்டார். "இந்த வாலை ஒரு ஒடிசல் இல்லாம வளத்திருக்காவ. யாரு வளத்தது?"

முதலாளி மீசையைத் தடவினார். "நம்ம வீட்டு வழி. தோப்புல விட்டிருந்தோம். தானா வளந்துச்சு."

நான் அங்கேயே குந்தியிருந்தேன். என் கை சேவலின் நெஞ்சில் இருந்தது. அதன் இதயம் துடிப்பது விரலில் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முதலாளி என் பக்கம் பார்க்கவில்லை. பொய் சொல்கிறவன் முகம் மாதிரியும் இல்லை. அவருக்கு அது அப்படியே பட்டிருக்கிறது. தோப்பில் மாங்காய் காய்க்கிறது, தண்ணீர் ஓடுகிறது, சேவலுக்கு வால் நீள்கிறது. இடையில் ஒரு பையன் இருந்தது அவர் கண்ணில் படவே இல்லை.

என்னையும் ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள், தானா வளர்ந்த ஆள் என்று. என் விஷயத்தில் அது உண்மை. சேவல் விஷயத்தில் அது பொய்.

முதலாளிக்குப் பட்டுத் துண்டு போர்த்தினார்கள். சேவலின் காலில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். எனக்கு அவர் பால்கோவா வாங்கிக் கொடுத்தார், இலையில் சுடச்சுட. அதைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. பாதியை இலையோடு மடித்து மாமா வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்மா ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேர் தலையிலும் பஞ்சு.

"நம்ம மொட்டை செயிச்சுட்டானாடா?" என்றாள்.

அந்தப் பெயரைச் சொல்லி அன்றைக்கு விசாரித்தது அவள் ஒருத்திதான். எனக்கு அழுகை வந்தது. இருமல் என்று நினைத்து அவள் முதுகைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு அந்தச் சேவலை நான் தொட்டதில்லை. ஜின்னிங்கை விட்டுத் தறிக்குப் போனேன். தறியிலிருந்து மேலே வந்த கதை ஊருக்குத் தெரியும். சேவல் செத்த செய்தியை ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் சொன்னார், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில். "அந்த வால்கார சேவல் போயிருச்சுலே. குஞ்சு ஊரெல்லாம் இருக்கு." சரி என்று சொல்லிவிட்டு என் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

குஞ்சு ஊரெல்லாம் இருந்தது. முதலாளி வீட்டார் வியாபாரத்தை விட்டு வெளியூர் போன பிறகு வழி நாலா பக்கமும் பரவியது. இன்றைக்கு நம் பக்கத்தில் வால் தரையைத் தொடுகிற எந்தச் சேவலைக் கேட்டாலும் ஜின்னிங் வீட்டு வழி என்கிறார்கள். அந்த வழியில் வால் அழிந்துகொண்டிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தது ஒரே ஒரு மொட்டை. போன வருஷம் அதே வழியில் ஒரு ஜோடி விலை கொடுத்து வாங்கி மூன்றாம் மாடிக்கு மேலே விட்டிருக்கிறேன். மனைவி போன பிறகு வீட்டில் காலையில் ஒரு சத்தம் வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பெரியவன் போனில் கேட்டான், "என்னப்பா பின்னால கோழிச் சத்தம்? பக்கத்து வீட்டுல சண்டைக்கு வரப் போறாங்க." வரட்டும் என்றேன். சண்டைக்காவது வரட்டும்.

சென்ற தையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண மண்டபம் ஒன்றில் கண்காட்சி நடந்தது. கூண்டு வரிசையாக, மேலே ஃபேன், கீழே பச்சை விரிப்பு. காலேஜ் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. முதல் பரிசு வாங்கிய சேவலைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. செம்புக் கழுத்து. முத்துக் கண். மைக்கில் சொன்னார்கள், ஜின்னிங் வீட்டு வழி என்று. கூட்டம் கை தட்டியது. நடத்துகிற பையனைக் கூப்பிட்டேன். நல்ல பையன், பணிவானவன்.

"தம்பி, இந்த வால் யாரு வளத்ததுன்னு தெரியுமா?"

"ஜின்னிங் வீட்டு வழி தாத்தா. ரொம்பப் பழைய வழி. யூட்யூப்லயே இருக்கு."

"அதுல ஒரு சேவல் தோப்புல வளந்துச்சு..."

"ஆமா ஆமா, அவிய தோப்புல விட்டு வளப்பாவளாம், அது தானா வளரும். செத்த நேரம் உக்காருங்க தாத்தா, வாரேன். சாப்பாட்டு டோக்கன் வாங்கிட்டியளா?"

டோக்கன் வாங்கியிருந்தேன். சாம்பார் சாதம். நின்றுகொண்டே சாப்பிட்டேன், பேச்சுத் துணைக்கு யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு.

அந்தத் தம்பிதான் இப்போது மலருக்கு எழுதிக் கேட்டிருப்பவன். அதனால் அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் நேராகவே சொல்கிறேன். மலரில் வழிகளைப் பற்றி எழுதும் பக்கத்தில் ஜின்னிங் வீட்டு வழி என்று போடுங்கள், தப்பில்லை, பெட்டை அவர்களுடையது. அதற்குக் கீழேயே இன்னொரு வரி போடுங்கள். குழம்புக்குத் தள்ளிய மொட்டையை வைத்து அந்த வழிக்கு வாலைத் திரும்பக் கொண்டுவந்தவன் தோப்புக் காவல்காரர் மகன் என்று. தானாக வளர்ந்தது என்று இனி யாரும் எழுதவும் கூடாது, சொல்லவும் கூடாது. எனக்குச் சால்வை வேண்டாம், கேடயம் வேண்டாம், அதெல்லாம் ஷோகேஸில் இடமில்லாமல் கிடக்கிறது. அடுத்த கண்காட்சியில் பரிசு சொல்கிற அதே மைக்கில் இதையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி முடிந்து நாற்காலி அடுக்குகிற நேரத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, பெருசு, நீங்கள் சொன்னது சரிதான் என்று காதோடு சொல்கிற வேலை ஆகாது. ஜனங்கள் இருக்கும்போது சொல்லுங்கள். நான் எழுந்து நிற்கிறேன்.